மியூனிக்கிலிருந்து ஊருக்குப் பேச எந்தச் செயலி?

ஸ்கைப்பை மூடிவிட்டார்கள், வாட்ஸ்அப் மேல் நம்பிக்கை இல்லை, தஞ்சாவூரில் இருக்கும் அம்மா அப்பாவோடு மூன்றாம் ஆள் காதில் விழாமல் பேச என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. இரண்டு பக்கமும் சிக்னல் (Signal) என்ற செயலியைப் போடுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

வாட்ஸ்அப் அழைப்பையும் நடுவில் யாரும் கேட்க முடியாது. அதில் உள்ள மறையாக்கமே, அதாவது பேசும் இருவரைத் தவிர வேறு யாருக்கும் புரியாதபடி பேச்சைப் பூட்டி அனுப்பும் முறையே, சிக்னல்காரர்கள் உருவாக்கியதுதான். ஆனால் யாரை எப்போது அழைத்தீர்கள், உங்கள் போனில் யார் யார் எண் இருக்கிறது என்பதெல்லாம் வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்தின் கைக்குப் போகும். சிக்னல் அதைச் சேர்த்து வைப்பதே இல்லை. 2016இல் அமெரிக்க நீதிமன்றம் வழியாக ஒரு பயனரின் விவரம் கேட்டு ஆணை வந்தபோது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டும்தான் அவர்களால் கொடுக்க முடிந்தது. நன்கொடையில் ஓடும் அமைப்பு, விளம்பரம் கிடையாது.

2025 மே மாதம் மூடிய ஸ்கைப்புக்காக வருத்தப்பட வேண்டாம். அதில் சாதாரண அழைப்புகளுக்கு இந்த அளவு பாதுகாப்பு இருந்ததில்லை. லேண்ட்லைனுக்குப் பேச முடிந்தது ஒன்றுதான் அதன் வசதி. பாட்டி வீட்டில் இன்னும் பட்டன் போன்தான் என்றால் மலிவான கட்டணம் எதுவோ அதைப் பிடியுங்கள். சாதாரண டெலிபோன் வலைக்குள் போய்விட்ட பேச்சுக்கு எந்தச் செயலியாலும் முழு ரகசியம் தர முடியாது.

இங்கே ஆபீஸில் சிலர் த்ரீமா, எலிமெண்ட் என்ற செயலிகளைச் சொல்வார்கள். இரண்டும் நல்லவைதான். த்ரீமா சுவிட்சர்லாந்தில் உருவானது, போன் எண்கூடக் கேட்காது. ஆனால் 2023 மே மாதம் இந்திய அரசு தடை செய்ததாகச் செய்தி வந்த 14 செயலிகளில் இந்த இரண்டும் உண்டு. ஜெர்மன் நண்பர்களோடு பேச வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் பேச இவற்றை நம்பி உட்காராதீர்கள்.

வளைகாப்பு, நிச்சயதார்த்தம் என்று மொத்தக் குடும்பமும் திரையில் கூட வேண்டுமா? அதற்கு ஜிட்ஸி (Jitsi) என்ற வீடியோ அழைப்புச் சேவை. பெரியப்பா எதையும் நிறுவ வேண்டாம், லேப்டாப்பில் லிங்க்கை அழுத்தினால் போதும். இங்கே மியூனிக்கிலேயே ஃப்ரைஃபுங்க் மூன்ஷென் என்ற தன்னார்வக் குழு ஒரு ஜிட்ஸி சர்வரை நடத்துகிறது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பலர் கூடும் ஜிட்ஸி அழைப்பில் பேச்சு வழக்கமாக சர்வர் வரைக்கும்தான் மறைந்து போகும், அதனால் சர்வரை நடத்துபவர் நம்பகமானவராக இருக்க வேண்டும். வளைகாப்புக்கு இது தாராளம். அப்பாவின் ஆபரேஷன் செலவு, நிலப் பத்திரம் போன்ற பேச்செல்லாம் சிக்னலிலேயே இருக்கட்டும்.

இனி வேலை. அம்மா போனில் தங்கையோ பக்கத்து வீட்டுப் பையனோ நிறுவிக் கொடுக்கட்டும். போனுக்குத் திரைப்பூட்டும் போடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் மறையாக்கம் எவ்வளவு பலமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை, போனை எடுத்தவர் எல்லாவற்றையும் படிக்கலாம். ஊரில் நெட் இழுக்கும், அதனால் அமைப்புகளில் அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்பதைத் தேர்ந்துவிடுங்கள்.

உங்கள் பக்கம்: இந்திய எண்ணில் சிக்னல் திறந்திருந்தால் ஜெர்மன் சிம் வந்ததும் கணக்குப் பகுதியில் எண்ணை மாற்றிவிடுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் கிடக்கும் இந்திய சிம் சில மாதங்களில் அடங்கிவிடும், பிறகு அந்த எண் வேறு யாருக்காவது போகும். சிக்னலில் PIN எண்ணும், அது தெரியாதவர் உங்கள் எண்ணில் கணக்கைப் பதிய முடியாமல் தடுக்கும் பதிவுப் பூட்டும் கட்டாயம் போட வேண்டும். 2024 முதல் பயனர்பெயர் வசதி இருக்கிறது, அறை தேடும்போது முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் எண்ணுக்குப் பதில் அதைக் கொடுக்கலாம்.

விடுதி வைஃபையில் அழைப்பு இணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள். அதில் உடனே இணைந்தால் கோளாறு விடுதி நெட்வொர்க்கில்தான், விடுதியைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டரிடம் சொல்லி வையுங்கள்.