கன் சூடு, பொய் அலாரம், பச்சை விளக்கு: சார்ஜிங் நிலையக் கேள்விகள்

மின்வாகன சார்ஜிங் நிலையப் பராமரிப்பில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், எங்கள் தொழில்நுட்பக் குழுவின் பதில்களும்.

கேள்வி: நெடுஞ்சாலையோரம் 60 கிலோவாட் சார்ஜர் இரண்டு வைத்திருக்கிறேன். மாதச் சந்தா கட்டினால் பழுதை முன்கூட்டியே சொல்லும் ஏஐ மென்பொருள் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: இரண்டு சார்ஜருக்கு வேண்டாம். பழுதுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த மென்பொருள் பழகுகிறது. உங்களிடம் வருடத்துக்கு நான்கைந்து பழுது வந்தால் அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்ளும்? நூற்றுக்கணக்கான சார்ஜர்களின் பதிவுகளில் பழகியிருந்தால் பயன் உண்டு. அதுவும் உங்களிடம் இருக்கும் அதே பவர் மாட்யூல் (ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் பெட்டி), அதே கன் (வண்டியில் செருகும் முனை) கேபிளாக இருந்தால்தான்.

"98 சதவீதத் துல்லியம்" என்ற விளம்பரத்தில் மயங்காதீர்கள். நூறு சார்ஜிங்கில் இரண்டுதான் கோளாறாகும் என்றால், எப்போதும் "எல்லாம் நலம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும் மென்பொருளும் 98 வாங்கிவிடும். விற்பவரிடம் இரண்டைக் கேளுங்கள்: நீங்கள் கொடுத்த அலாரங்களில் எத்தனை உண்மையாக இருந்தன? நடந்த பழுதுகளில் எத்தனைக்கு முன்கூட்டி அலாரம் வந்தது? எண்ணாகச் சொல்லவில்லை என்றால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். அடுத்த பதிலில் இருப்பதை ஒரு எக்செல் தாளிலேயே செய்துவிட முடியும்.

கேள்வி: கன்னின் வெப்பநிலை 65 டிகிரியைத் தாண்டினால் அலாரம் வரும்படி வைத்தோம். ஏப்ரல், மே முழுக்க அலாரம்தான். போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அலாரமே கொடுக்காத ஒரு கன் பிறகு கருகிப்போனது. ஏன்? (சேலம் வாசகர்)

பதில்: 65 என்ற எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு கன்னின் நிலைமையைச் சொல்ல முடியாது. கன்னுக்குள் மின்சாரம் கடந்துபோகும் உலோக முனையான கான்டாக்டில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். அதன் மேல் வெளிவெப்பமும் சேர்கிறது. இரண்டையும் கழித்த பிறகுதான் கான்டாக்டின் உண்மையான நிலை தெரியும்.

இரண்டு கன்களை எடுத்துக்கொள்வோம். முதல் கன்னில் 150 ஆம்பியர் ஓடுகிறது, வெளியே 38 டிகிரி, கான்டாக்டில் 68. ஏற்றம் 30 டிகிரி. இதை 100 ஆம்பியருக்கு மாற்ற, 30ஐ 1.5ஆல் இரண்டு முறை வகுக்க வேண்டும்: சுமார் 13 டிகிரி. இரண்டாவது கன்னில் 100 ஆம்பியர், மழைநாள், வெளியே 27, கான்டாக்டில் 59. ஏற்றம் 32. உங்கள் அலாரம் முதல் கன்னுக்கு அலறும், இரண்டாவதைக் கண்டுகொள்ளாது. ஆனால் இரண்டாவதன் நிலை முதலாவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் மோசம். அதே கன்னில் மே மாதம் 150 ஆம்பியர் ஓடினால் ஏற்றம் 72 டிகிரி. 38ஐக் கூட்டினால் 110. கார்களின் வேகச் சார்ஜிங்குக்கான சிசிஎஸ்2 வகைக் கன்னின் கான்டாக்டுக்கு வழக்கமான உச்ச வரம்பு 90. அதை எட்டும்போது சார்ஜர் மின்னோட்டத்தைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும்.

ஏஐ மென்பொருளுக்கும் அளந்த வெப்பநிலையை அப்படியே கொடுக்காமல், இப்படி 100 ஆம்பியருக்கு மாற்றிய ஏற்றத்தைக் கொடுங்கள். பொய் அலாரம் கணிசமாகக் குறையும். கணக்கெடுக்கும்போது சில எச்சரிக்கைகள் உண்டு. மின்னோட்டம் கால் மணி நேரமாவது ஒரே அளவில் ஓடியிருக்க வேண்டும்; கான்டாக்ட் சூடேற நேரம் பிடிக்கும். பேட்டரி 80 சதவீதத்தை நெருங்கினால் வண்டியே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும், அதற்கு முன்னால் இருக்கும் அளவை எடுங்கள். வண்டியின் சாக்கெட் தேய்ந்திருந்தாலும் கன் சூடாகும் என்பதால் ஒரே ஒரு வண்டியை வைத்து முடிவு கட்டக் கூடாது. கடைசி 20 சார்ஜிங்கின் நடு மதிப்பைப் பாருங்கள். பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் தனித்தனி சென்சார் இருந்தால் இன்னும் நல்லது. ஓடும் மின்னோட்டம் ஒன்றே, வெயிலும் ஒன்றே. பல வண்டிகளிலும் ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து 10 டிகிரி கூடுதலாகக் காட்டினால் அந்தப் பக்கக் கான்டாக்ட் அல்லது அதன் கேபிள் லக் (கேபிள் நுனியை இணைக்கும் உலோக முனை) தான் காரணம்.

இந்த வெப்பநிலையைப் பல சார்ஜர்கள் தாமாக சர்வருக்கு அனுப்புவதில்லை. ஓசிபிபி 1.6 (சார்ஜரும் சர்வரும் பேசிக்கொள்ளும் பொது விதிமுறை) சார்ஜர் என்றால் "மீட்டர் வேல்யூஸ் சாம்பிள்டு டேட்டா" என்ற அமைப்பில் டெம்பரேச்சரைச் சேர்க்கச் சொல்லுங்கள். இடைவெளியை 60 விநாடியாக வைத்தால் போதும்.

கழற்றிப் பார்ப்பதாக இருந்தால் மெயின் பிரேக்கரை அணைத்துப் பூட்டுப் போடுங்கள். கையேட்டில் உள்ள டிஸ்சார்ஜ் நேரம் (உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும் நேரம்) வரை காத்திருந்து, டிசி பக்கம் 60 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை மீட்டரில் உறுதி செய்த பிறகே கை வையுங்கள். கறுத்த கான்டாக்டை உப்புத்தாளால் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் நிறைய. வெள்ளிப்பூச்சு போய்விடும், அடுத்த மாதம் இன்னும் அதிகமாகச் சூடாகும். லக் தளர்ந்திருந்தால் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்துக் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். கான்டாக்டே நிறம் மாறியிருந்தால் கேபிளோடு மாற்றுவதே வழி. கன்னைச் செருகி எடுப்பதற்கான தர அளவு 10,000 முறை. ஒரு நாளைக்கு 12 வண்டி என்றால் இரண்டே கால் வருடத்தில் எட்டிவிடும்.

கேள்வி: ஆப்பில் "தயார்" என்று பச்சை காட்டுகிறது. வண்டிக்காரர்களோ சார்ஜ் ஆகவில்லை என்று திரும்பிப் போகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? (மதுரை வாசகர்)

பதில்: சார்ஜர் சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும், கார்டு ரீடரோ திரையோ செத்திருக்கும். சார்ஜர் தன்னைப் பற்றிப் புகார் சொல்லாதபோது வண்டிகள் வராததுதான் சாட்சி. அந்தக் கன்னுக்கு நாளொன்றுக்குச் சராசரி 6 சார்ஜிங் என்றால், ஒன்றுகூட நடக்காத நாள் தற்செயலாக அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 400இல் ஒன்று. மறுநாள் காலையே ஆள் அனுப்பலாம். சராசரி 2 தான் என்றால் அந்த வாய்ப்பு 100க்கு 13க்கு மேல்; ஒரு நாள் வெறுமையை வைத்துப் பதற வேண்டாம், மூன்று நாள் பொறுங்கள். இதையே கன் வாரியாக, கிழமை வாரியாகக் கற்றுக்கொள்ளும் ஏஐ நிலையங்கள் அதிகமானால் நன்றாக உதவும். தீபாவளி, பொங்கல் நாட்களைத் தனியாகக் குறித்துக் கொடுக்க மறக்காதீர்கள்.

தொடங்கி இரண்டு நிமிடத்துக்குள், அரை யூனிட்கூட ஏறாமல் நின்றுபோன சார்ஜிங்குகளையும் எண்ணுங்கள். பல வகை வண்டிகள் ஒரே கன்னில் இப்படி நின்றால் கோளாறு கன்னில். ஒரே மாடல் வண்டி எல்லா நிலையங்களிலும் நின்றால் சார்ஜரைக் கழற்றாதீர்கள். அது வண்டி அல்லது சார்ஜர் மென்பொருளின் விவகாரம்.

கேள்வி: சார்ஜர் ஓடுகிறது, பிழை எதுவும் காட்டவில்லை, ஆனால் வேகம் குறைவு என்கிறார்கள். (கிழக்குக் கடற்கரைச் சாலை வாசகர்)

பதில்: சார்ஜர் கொடுக்க முன்வரும் மின்னோட்டத்தையும் வண்டி எடுத்துக்கொள்ளும் மின்னோட்டத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்வருவது மாறாமல், எடுப்பது மட்டும் குறைந்தால் அது பேட்டரியின் இயல்பு. முன்வருவதே பிற்பகலில் மட்டும் இறங்கினால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது அல்லது ஃபேன் நின்றிருக்கிறது. 60 கிலோவாட் சார்ஜர் முழுச் சுமையில் சுமார் 3 கிலோவாட்டை வெப்பமாகவே வெளியே தள்ள வேண்டும்; தூசு அடைத்தால் மாட்யூல் தன்னைக் காத்துக்கொள்ள சக்தியைக் குறைத்துவிடும். இரவு பகல் பாராமல் சரியாகப் பாதி என்றால், இரண்டு 30 கிலோவாட் மாட்யூலில் ஒன்று போயிருக்கக்கூடும். உங்கள் பகுதியில் உப்புக்காற்று வேறு. ஃபில்டரைத் தேதி வைத்து மாற்றுவதைவிட இந்தப் பிற்பகல் சரிவை வைத்து மாற்றுங்கள். அடியில் கேபிள் நுழையும் கிளாண்டையும் அடைத்துவிடுங்கள். பல்லியும் எறும்பும் உள்ளே போய்ச் செய்யும் ஷார்ட்டை எந்த ஏஐயும் முன்கூட்டிச் சொல்லாது.

கேள்வி: பிழை வந்ததும் ஏஐயே ரீசெட் செய்துவிட்டால் என்ன? பிழை எண்ணுக்கு அர்த்தம் சாட்பாட்டிடம் கேட்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: தொடர்பு அறுந்தது, கார்டு ரீடர் உறைந்தது போன்றவற்றுக்கு ஒரு முறை தானாக ரீசெட் செய்யலாம். எர்த் கோளாறு, இன்சுலேஷன் கோளாறு, அதிக வெப்பம் மூன்றுக்கும் கூடவே கூடாது. இன்சுலேஷன் ஒரு வோல்ட்டுக்கு 100 ஓமுக்குக் கீழே, அதாவது 500 வோல்ட்டில் 50 கிலோ ஓமுக்குக் கீழே போனால் சார்ஜர் நிறுத்துவது உயிரைக் காக்க. மழை நின்று காய்ந்ததும் தானாகச் சரியாகிவிடும் கன்னில்தான் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கும்.

சாட்பாட்டிடம் கேட்பதானால் உங்கள் சார்ஜரின் கையேட்டைக் கொடுத்து, பக்க எண்ணோடு பதில் கேளுங்கள். கையேடு இல்லாமல் கேட்டால் வேறு நிறுவனத்தின் பிழை எண்ணுக்கான விளக்கத்தைத் தயங்காமல் எடுத்துக் கொடுக்கும்.

கேள்வி: டெக்னீசியன் என்னவெல்லாம் எழுதி வைக்க வேண்டும்? (திருச்சி வாசகர்)

பதில்: "பழுது சரிசெய்யப்பட்டது" என்ற வரியால் மனிதருக்கும் பயனில்லை, ஏஐக்கும் பயனில்லை. எந்தக் கன், வந்த பிழை எண், கழற்றியபோது கண்டது, மாற்றிய பாகத்தின் வரிசை எண், மீண்டும் ஓடத் தொடங்கிய நேரம் இவ்வளவு போதும். அலாரம் வந்து, போய்ப் பார்த்து, ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தாலும் அதையும் எழுதச் சொல்லுங்கள். பெட்ரோல் செலவு வீண் என்று அந்த வரியை விட்டுவிடுகிறார்கள்; அடுத்த பொய் அலாரத்தை நிறுத்த மென்பொருளுக்குத் தேவைப்படுவது அந்த வரிதான்.