அல்கோன்குவின் கனோப் பயணம்: பிள்ளைகளுக்கு 30% டீட் பூசலாமா?

ஒன்டாரியோவின் அல்கோன்குவின் பூங்காவில் கனோ (சிறு துடுப்புப் படகு) பயணம் போகும்போது பிள்ளைகளுக்கு 30 வீத டீட் (பூச்சி விரட்டும் இரசாயனம்) பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 30 வீதம் வேண்டாம். உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு (4, 7) கனடா சுகாதாரத் துறை அனுமதிப்பது 10 வீத டீட் வரைதான், அதுவும் நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் கூடாது. நானாக இருந்தால் 20 வீத இக்காரிடின் (இன்னொரு வகைப் பூச்சி விரட்டி) வாங்குவேன். அதை ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குக்கூடப் பூசலாம். டீட் மூக்குக்கண்ணாடி, பிளாஸ்டிக்கை அரிக்கும், இது அரிக்காது.

போன ஜூலையில் ஸ்பிரே அடித்தும் தொடை முழுக்கக் கடி, இருவரும் லெகிங்ஸ் போட்டிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த லெகிங்ஸ் மேல்தான் சந்தேகம். இழுபட்டுத் தோலோடு ஒட்டும் துணிக்குள்ளால் நுளம்பு சுலபமாகக் குத்தும்.

வீட்டிலேயே பாருங்கள்: காற்சட்டையைப் போட்டு, கனோவில் இருப்பதுபோல் பிள்ளையை முழந்தாளிட வையுங்கள். அப்போதும் துணி தோலில் ஒட்டாமல் தளர்வாக நிற்க வேண்டும். நெருக்கமாக நெய்த, வெளிர் நிறத் துணி நல்லது.

அப்புறம், சன்ஸ்கிரீன் முதலில், விரட்டி பிறகு. சின்னவரின் கைகளில் பூசாதீர்கள், கை எப்படியும் வாய்க்குப் போகும்.

ஒன்று மட்டும்: பகலில் தலையைச் சுற்றிவரும் பெரிய கடி ஈக்கள் எந்த விரட்டிக்கும் அவ்வளவாக அசையாது. அதற்குத் தொப்பியும் வலையும்தான். திகதியை மாற்ற முடிந்தால் ஆகஸ்ட் நடுப்பகுதிக்குத் தள்ளுங்கள், கடி நன்றாகக் குறைந்திருக்கும்.

கடித்தபின் முகம் வீங்கி மூச்சுத் திணறினால் அது அவசர நிலை. பூங்காவின் உட்பகுதி ஏரிகளில் பெரும்பாலும் கைபேசி எடுக்காது, செயற்கைக்கோள் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுத்துப் போங்கள்.