கீமோ போட்ட பத்தாம் நாள் காய்ச்சல்: விடியும்வரை பார்க்கலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு 58 வயது. ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இடது மார்பில் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்து, அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்துவிட்டார்கள். இப்போது சேலத்தில் கீமோ போட்டுக்கொண்டிருக்கிறோம். போன தடவை போட்ட பத்தாம் நாள் ராத்திரி காய்ச்சல் வந்தது. கசாயமும் பாராசிட்டமாலும் கொடுத்துவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். இடது கை கனமாக இருக்கிறது என்கிறார். தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கச் சொல்லி உறவுக்காரர்கள் வேறு. நான் நர்ஸ் இல்லை, எப்படிப் பார்த்துக்கொள்வது? அத்தை திரும்பத் தோட்டத்துக்குப் போகலாமா?

பதில்: முதலில் காய்ச்சல். மற்றதை நாளைக்குப் பேசினாலும் ஒன்றும் ஆகாது, இது அப்படி இல்லை. கீமோ மருந்து புற்று செல்களை அழிக்கும்போது எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தியாவதையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது, அதனால் மருந்து ஏறிய 7ஆம் நாளில் இருந்து 14ஆம் நாள் வரை பெரும்பாலானவர்களுக்கு வெள்ளை அணுக்கள் ரொம்பக் கீழே இருக்கும். அந்தச் சமயத்தில் கிருமி புகுந்தால் சீழ், வீக்கம், சளி எதுவும் தெரியாமல்கூடப் போகலாம். காய்ச்சல் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். தெர்மாமீட்டரில் 100.4 அல்லது அதற்கு மேல் காட்டினால் ராத்திரி இரண்டு மணி ஆனாலும் கிளம்ப வேண்டியதுதான். அளந்து பார்க்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், சூடு இறங்கிவிடும், உள்ளே கிருமி பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருக்கும். சூடே இல்லாமல் உடம்பு தூக்கிப்போடுவது மாதிரி குளிர் நடுக்கம், மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது இருந்தாலும் அவசரம்தான். போன தடவை தப்பித்ததை வைத்து அடுத்த தடவையைக் கணக்குப் போட வேண்டாம்.

ராத்திரியில் 20 கொண்டை ஊசி வளைவு, அதுவும் பனி இறங்கிய நேரத்தில் எப்படிப் போவது என்று வீட்டில் தயங்கியிருப்பார்கள், புரிகிறது. நேராகச் சேலத்துக்கு இறங்கவேண்டும் என்பதில்லை. 108ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே போனதும் "கீமோ போட்டு இத்தனை நாள் ஆகிறது, இப்போது காய்ச்சல்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வெறும் காய்ச்சல் என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். என்ன மருந்து, எந்தத் தேதியில் ஏறியது என்று எழுதிய ஃபைல் வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கசாயம் எதுவானாலும் புற்றுநோய் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம், சில மூலிகைகள் கீமோ மருந்தோடு மோதும், சிலது ஈரலைப் படுத்தும்.

நர்ஸ் இல்லை என்கிறீர்கள். தெர்மாமீட்டர் வைப்பது, வாயைச் சுத்தமாக வைத்திருப்பது, கையைக் கவனிப்பது, இதையெல்லாம் வார்டில் நர்ஸ்கள்தான் செய்வார்கள், வீட்டில் நீங்கள் செய்யப்போகிறீர்கள், அவ்வளவுதான். அதனால் அடுத்த கீமோ அன்று மருந்து ஏற்றும் சிஸ்டரிடம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள், ராத்திரி எந்த நம்பருக்குப் பேசுவது என்பதையும் சேர்த்து. டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படும் விஷயங்கள் (மலச்சிக்கல், முடி, தூக்கம்) அவர்களிடம் சுலபமாக வரும், பதிலும் எங்களைவிட விவரமாகச் சொல்வார்கள், இதை டாக்டர்கள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ள மாட்டோம்! வாய்ப்புண் வந்தால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் ஆப்பசோடா கலந்து நாளுக்கு நாலைந்து தடவை கொப்பளிக்கட்டும். காரத்தைக் குறைத்து, ஆறின கஞ்சி, இட்லி கொடுங்கள்.

தட்டு விஷயம். புற்றுநோய் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பேரப்பிள்ளைகள் மடியில் படுக்கலாம். அவர்களுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் தள்ளி நிற்கட்டும், அது அத்தையின் பாதுகாப்புக்காக. கீமோ ஏறிய முதல் 48 மணி நேரம் மருந்து சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியே வரும் என்பது வேறு சங்கதி. அப்போது கழிவறையில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள், அழுக்கான துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள். ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னதைத்தான் யாரோ தட்டு, டம்ளர்வரை நீட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கை கனம் என்பதை லேசாக விடாதீர்கள். அக்குளில் நெறிகளை எடுத்தால் கையில் இருந்து நிணநீர் வடியும் பாதை குறைந்துவிடுகிறது, வீக்கம் சில மாதத்திலும் வரலாம், சில வருஷம் கழித்தும் வரலாம். வளையல் இறுகுவதும் ரவிக்கைக் கை பிடிப்பதும்தான் முதலில் தெரியும். தையல் டேப்பால் இரண்டு கையையும் ஒரே இடங்களில் வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள், வித்தியாசம் 2 செ.மீ. தாண்டினால் காட்ட வேண்டும். கையை அசைக்காமல் தூக்கி வைத்திருப்பது உதவாது, சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்தாக வேண்டும். இறுக்கமான உறையும் மசாஜும் கடையில் வாங்கி, நாமே பார்த்துச் செய்கிற சமாச்சாரம் இல்லை, பிசியோதெரபிஸ்ட் வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார்கள், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதியுங்கள். ஊசி, ரத்த அழுத்தம் எல்லாம் வலது கையில். இடது கை சிவந்து சூடாக இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

தோட்டம்? கீமோ முடியும்வரை வேண்டாம், மண்ணைக் கிளறுவதும் அழுகின சருகை அள்ளுவதும் இந்த நேரத்தில் ஆபத்து. முடிந்து, அணுக்கள் ஏறினபிறகு தாராளமாகப் போகலாம், உழைத்த உடம்பு சும்மா உட்கார்ந்தால்தான் சோர்வு அதிகம். முழுக்கைச் சட்டை, கையுறை போட்டுக்கொண்டு காபிப் பழம் பறிக்கட்டும், முள் கீறினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவட்டும். மூட்டை தூக்குவது மட்டும் எடுத்த எடுப்பிலேயே வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டிக்கொள்ளலாம், எந்த அளவில் தொடங்குவது என்பதை அந்த பிசியோதெரபிஸ்ட்டே கையைப் பார்த்துச் சொல்வார்.