பூங்கா வேண்டாத நிலங்கள்: கேள்வி பதில்

தென் சென்னையின் ஏரிகளிலும் சதுப்பிலும் புதர்க்காடுகளிலும் தாவரக் கணக்கெடுப்பிற்காகப் பல ஆண்டுகள் நடந்தவன் என்ற முறையில், இயற்கை நிலங்களைப் பூங்காவாக மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தவற்றிற்கு நீளமாகவும், பிறருடைய துறையைச் சேர்ந்தவற்றிற்குச் சுருக்கமாகவும் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பை ஒட்டிய ஏரியை ஆழமாகத் தூர் வாரி, நான்கு புறமும் கரை எழுப்பி, நடைபாதையும் விளக்குகளும் அமைக்கப் போகிறார்கள். ஏரி பிழைத்தது என்று மகிழ்கிறோம். இதில் குறை ஏதும் உண்டா?

உண்டு. "நான்கு புறமும் கரை" என்ற சொற்களிலேயே அது இருக்கிறது. நம் ஏரிகளுக்குத் தாழ்ந்த பக்கத்தில்தான் கரை இருக்கும். மழைநீர் இறங்கி வரும் மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். அந்தப் பக்கத்தையும் அடைத்து அதன்மேல் நடைபாதை போட்டால், வரத்துக்கால்கள் ஒன்றிரண்டு குழாய்களுக்குள் ஒடுங்கிவிடும். குழாய் கொள்ளாத நீர் உங்கள் தெருவில் நிற்கும்.

அடுத்தது ஆழம். சேர்ந்த வண்டலை அள்ளுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஏரியைத் தொட்டி போலச் செங்குத்தாக வெட்டும்போது அழிவது, நீரும் நிலமும் கலக்கும் அந்த ஓரச் சரிவு. பவளக்கால் உள்ளான் ஒரு சாணுக்கும் குறைவான நீரில் நின்று இரை தேடுகிறது. நீளவால் இலைக்கோழி அல்லி இலைகளின் மேல் நடந்து, அவற்றின் மேலேயே முட்டையிடுகிறது. நீலத் தாழைக்கோழிக்குச் சம்பும் கோரையும் மண்டிய ஓரம் வேண்டும். பார்ப்பவருக்கு அழுக்காகவும் அலங்கோலமாகவும் தெரிகிற அந்தச் சேற்று ஓரம்தான் ஏரியின் சமையலறை. திட்ட வரைபடத்தில் முதலில் கல் பதிக்கப்படுவதும் அங்கேதான். ஆகவே, மேட்டுப் பக்கத்தைத் திறந்து விடவும், ஓரங்களைச் சரிவாகவே விடவும், நடைபாதையைப் பழைய கரையின் மேல் மட்டும் நிறுத்தவும் எழுத்து மூலம் கேளுங்கள்.

கேள்வி: ஏரிக்கரையில் என்ன மரம் நடலாம்?

கரையில் பனை நடலாம். அது பழைய வழக்கம், கரையையும் பிடித்து நிறுத்தும். நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் அழகுக்காக எதையும் நட வேண்டாம்.

கேள்வி: ஊர்ப் புறம்போக்கில் வெறும் புல்லும் முள்ளுமாக ஒரு பெரிய வெட்டவெளி கிடக்கிறது. அதில் நெருக்கமாக மரம் நட்டு அடர்வனம் ஆக்குவது நல்ல செயல்தானே?

நோக்கம் நல்லதாக இருக்கலாம்; செயல் பெரும்பாலும் நல்லதன்று. வெட்டவெளி என்றால் வீணான நிலம் என்ற எண்ணம் நம்முடைய வருவாய்த் துறைப் பதிவேடுகளிலிருந்தே நம் மனத்திற்குள் வந்துவிட்டது. "தீர்வை ஏற்படாத தரிசு" என்று எழுதப்பட்ட நிலத்தில், தீர்வை, அதாவது நிலவரி, இல்லை என்பதுதான் செய்தி. உயிர் இல்லை என்பதன்று.

கிண்டியைப் பாருங்கள். சுமார் 270 எக்டேர் பரப்புள்ள அந்தக் காடு 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்குப் புள்ளிமானும் வெளிமானும் உள்ளன. புள்ளிமான் மர நிழலை விரும்பும். வெளிமானோ, பெயரே சொல்வது போல, வெளியில் வாழும் மான். அதற்குப் புல்வாய் என்றும் பெயர். தொலைவு தெரியும் திறந்த புல்வெளியில்தான் அது மேயவும், பகை கண்டு ஓடவும் முடியும். அத்தகைய புல்வெளியில் மரம் நட்டதாலும் சீமைக்கருவேலம் பரவியதாலும் அதன் இடம் சுருங்கியது. காட்டைச் செழிப்பாக்குவதாக எண்ணி, ஓர் உயிரினத்தின் வீட்டை நாமே நிரப்பிவிட்டோம்.

முள் என்று நீங்கள் குறிப்பிடுவதும் என்ன முள் என்று பார்க்க வேண்டும். அது சீமைக்கருவேலம் என்றால் அகற்றுவதைப் பற்றிப் பேசலாம். களா, காரை, சூரை, இடையே காசாவும் வீரையும் என்றால், அது இந்தக் கடற்கரைச் சமவெளிக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம். நன்மங்கலம் காப்புக்காடு அப்படிப்பட்ட புதர்நிலம்தான். அங்கே கைவிடப்பட்ட கல்குவாரியின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை குடும்பம் நடத்துகிறது. பொக்லைன் அரை நாளில் வழித்துவிடும் களாப் புதரை எந்த நாற்றங்காலும் அந்த வயதில் உங்களுக்குத் தர முடியாது.

கேள்வி: சதுப்பை அப்படியே விட்டால் கொசு பெருகாதா?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுத் தொட்டியிலும் பழைய டயரிலும் பூந்தொட்டித் தட்டிலும் தேங்கும் தெளிந்த நீரில் வளர்வது. மீனும் தவளையும் தட்டான் குஞ்சுகளும் உள்ள சதுப்பில் கொசுப்புழுவுக்கு எதிரிகள் மிகுதி. அதில் கழிவுநீரை விட்டு அந்த எதிரிகளைக் கொன்றால், கியூலெக்ஸ் கொசு பெருகும். அடைக்க வேண்டியது கழிவுநீர்க் குழாயை.

கேள்வி: புதரிலிருந்து பாம்பு வருகிறது. குழந்தைகள் இருக்கும் இடம். வெட்டிவிடலாமா?

பாம்பு எலியைத் தேடி வருகிறது. எலி உங்கள் குப்பையைத் தேடி வருகிறது. வீட்டு மதிலை ஒட்டிச் சில அடி தூரம் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், இரவில் கைவிளக்கோடு நடங்கள், வீட்டுக்குள் வந்தால் தீயணைப்புத் துறையை அழையுங்கள். கடித்துவிட்டால் நேரே மருத்துவமனைதான். மந்திரமும் கட்டும் வேண்டாம்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பொறியாளர், நடைப்பயிற்சியாளர் சங்கத்தில் இருக்கிறேன். தாங்கள் சொல்வது ஏட்டுக்கு அழகு. மனிதர் புழங்காத நிலம் இந்நகரில் என்ன ஆகும் என்று தெரியாதா? குப்பை கொட்டுவார்கள், பிறகு பட்டா வாங்குவார்கள். வேலியும் பாதையும் விளக்கும் போட்ட இடத்தைத்தான் மக்கள் தமதென்று காப்பார்கள்.

ஐயா, இன்று வந்தவற்றில் வலுவான வாதம் இதுதான். எனவே சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொள்கிறேன். பள்ளிக்கரணையே உங்கள் கட்சிக்குச் சான்று. ஒரு காலத்தில் சில ஆயிரம் எக்டேர் பரந்திருந்த சதுப்பு அது. கழுவெளி என்ற நல்ல பெயர் இருந்தும், பயனற்ற நிலமாகவே கருதப்பட்டதால்தான் பெருங்குடிக் குப்பைமேடு அதன் மேலேயே எழுந்தது. சாலையும் ரயில் பாதையும் அலுவலக வளாகங்களும் அதன் மேலேயே வந்தன. 2007-இல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறுவதற்குள் பெரும்பகுதி போய்விட்டது.

ஆனால் அந்த ஆக்கிரமிப்பைத் தடுத்திருக்க வேண்டியது எல்லைக்கல்லும் சட்டமும். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் மிகுநீர் அந்தச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி எப்படி மூழ்கியது என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விளக்கும் புல்தரையும் போட்டு அந்த நிலத்தை மேடாக்கினால், குப்பை கொட்டியவர் பறித்த அதே கொள்ளளவை நாமும் பறிக்கிறோம்; நம்முடையது பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவே.

மீண்டும் அவரே: அப்படியானால் மக்கள் எங்கே நடப்பது?

ஏற்கெனவே கட்டடமாகிவிட்ட நிலத்தில். மாநகராட்சிகளின் திறந்தவெளி ஒதுக்கீட்டு இடங்கள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன என்று உங்கள் சங்கம் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். பூங்காவுக்கு நான் எதிரியல்லன்; நானும் மாலையில் பூங்காவில்தான் நடக்கிறேன். பெங்களூரில் 2021-இல் துரஹள்ளிக் காட்டில் மரப் பூங்கா அமைக்கும் திட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்களில் அங்கு அன்றாடம் நடப்பவர்களும் இருந்தார்கள்.

இடையில் ஓர் அம்மையார்: நான் சதுப்பை ஒட்டிய ஊரில் பிறந்தவள். அங்குக் கோரை அறுத்தோம், மாடு மேய்த்தோம், மீன் பிடித்தோம். நீங்கள் இருவரும் பேசுவதில் நாங்கள் இல்லை. பூங்கா வந்தாலும் எங்களுக்கு வேலி, காடு என்று அறிவித்தாலும் எங்களுக்கு வேலி.

அம்மா, என் விடையில் விடுபட்டிருந்தது இதுதான். "மனிதர் புழங்காத நிலம்" என்று பொறியாளர் சொன்னபோது நான் அதை மறுத்திருக்க வேண்டும். புழங்கியவர்களை நாங்கள் இருவருமே கணக்கில் எடுக்கவில்லை. வேடந்தாங்கலில் பறவைகளைக் காத்தவர்கள் ஊரார்தாம். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரம் என்று அறிந்து, சுடுவதைத் தடுக்க 1798-இலேயே அன்றைய ஆட்சியரிடம் உரிமை பெற்றார்கள். அந்த ஏரி காட்டுத்தன்மையோடு நின்றதற்குப் பயன்பாடுதான் காரணம். அளவாகக் கோரை அறுப்பதும் மேய்ச்சலும் சம்பு மண்டி நீரை மூடாமல் காக்கவும் செய்யும். ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கையும், நிலத்தின் இயல்பு கெடாத அறிவார்ந்த பயன்பாட்டை ஏற்கிறது. பொறியாளர் ஐயாவின் "தமதென்று காப்பார்கள்" என்பதற்கு என் விடை இப்போது இதுதான்: தமதென்று காத்தவர்கள் முன்பே இருந்தார்கள், முதலில் அவர்களை வெளியேற்றிவிட்டு, பிறகு காவலுக்கு ஆள் இல்லை என்கிறோம்.

கேள்வி: ஏரியைச் சட்டம் காக்காதா?

2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், அவற்றின் கீழ் வரும் ஈரநிலத்தில் ஆக்கிரமிப்பையும் வேறு பயனுக்கு மாற்றுவதையும் தடுக்கின்றன. பத்தாண்டுகளின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர, நிலையான கட்டுமானமும் கூடாது. ஆனால் பாசனத்திற்கென்று மனிதர் வெட்டிய நீர்நிலைகளை அதே விதிகள் விலக்கிவிடுகின்றன. நம் ஏரிகளில் பெரும்பாலானவை எதற்கு வெட்டப்பட்டவை என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே விதியை நம்பி இருக்காமல், வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் உங்கள் ஏரி எவ்வாறு வகைப்படுத்தப்பட்டுள்ளது என்றும், புல வரைபடத்தில் அதன் எல்லை எங்கே என்றும் முதலில் பாருங்கள். வழக்கு நுணுக்கங்களை வழக்கறிஞரிடம் கேட்பதே முறை.

கேள்வி: மாடித் தோட்டத்திற்கு எந்தக் கீரை ஏற்றது?

தோட்டக்கலைத் துறையைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஏரியின் நடுவில் தீவு அமைத்து மரம் நட விரும்புகிறோம். என்ன மரம்?

மரக் கேள்வி மூன்றாம் முறை வருகிறது. பறவை கூடு கட்டும் ஏரியாக இருந்து, நீர் ஆண்டில் பல மாதம் நிற்குமானால், தீவில் கருவேலமும் நீர்க்கடம்பும் பொருந்தும். உள்ளானும் வாத்தும் வரும் ஆழமற்ற ஏரியானால் தீவே வேண்டாம். எந்த வகை என்று தெரியாவிட்டால் ஓராண்டு முழுதும் பார்த்துக் குறிப்பெழுதிவிட்டுப் பிறகு கேளுங்கள்.

கேள்வி: வேலியும் பாதையும் இல்லாவிட்டால் என் மகளுக்குப் பள்ளிக்கரணையை எப்படிக் காட்டுவது?

டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஒரு நாள் விடிந்தவுடன், துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை சதுப்பைக் கடக்கும் இடத்திற்குப் போய், வண்டிகளுக்கு ஒதுங்கிப் பாதுகாப்பாக நில்லுங்கள். இருவருக்கும் ஒரு தொலைநோக்கி போதும். உள்ளே இறங்க வேண்டாம். பூநாரை வந்திருந்தால் சாலையிலிருந்தே தெரியும். வராவிட்டாலும், கூழைக்கடாவையும் நாமக்கோழியையும் எண்ணச் சொல்லுங்கள்; ஒரு மணி நேரம் போவது தெரியாது. சிற்றுண்டிப் பொட்டலத்தைத் திரும்ப வீட்டுக்கே எடுத்துச் செல்லுங்கள்.