வீட்டுக்குள் மாண்ட்ரேக்: வெப்பநிலை பற்றிக் கேள்வி பதில்

மாண்ட்ரேக் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் செடி. அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில், கோடை காய்ந்து கிடக்கும். அதனால் இது இலையுதிர்காலத்தில் துளிர்த்து, குளிர்காலம் முழுக்க இலையோடு இருந்து, வசந்தம் முடியும்போது இலையை விட்டுவிட்டு மண்ணுக்குள் உறங்கப் போகும். விவிலியத்தில் கோதுமை அறுப்பு நாட்களில் ரூபன் கண்டெடுத்த தூதாயீம் கனி இதுதான் என்பது பரவலான கருத்து. இஸ்ரேலில் இதன் பழம் பழுப்பதும் அந்தப் பருவத்தில்தான். இந்தப் பருவக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பதில்கள் எளிதாகப் புரியும்.

கேள்வி: லண்டனில் அடுக்குமாடி வீடு. ஹீட்டர் எப்போதும் 21 டிகிரியில் ஓடுகிறது. டிசம்பரிலேயே இலைகள் வெளிறி, காம்பு நீண்டு, ஓரம் மஞ்சளாகிறது. உரம் போதவில்லையா அண்ணா?

உரம் வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். டிசம்பரில் அங்கே வெளிச்சம் மிகக் குறைவு. வெளிச்சம் குறைந்து சூடு மட்டும் கூடினால் செடி தன்னிடம் உள்ள சேமிப்பைச் செலவழித்து நீளும், வேர் பருக்காது. சூடு தொடர்ந்தால், கோடை வந்துவிட்டது என்று நடுக்குளிர்காலத்திலேயே உறங்கப் போய்விடும்.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை பகலில் 12 முதல் 18 டிகிரி, இரவில் 5 முதல் 10 டிகிரி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல வெயில் விழும் சன்னல் என்றால் பகலில் 20 வரை போகலாம். 25-ஐத் தாண்டிச் சில நாட்கள் நின்றால் இலை மஞ்சளாகத் தொடங்கும். இரவில் வெப்பம் இறங்குவது முக்கியம். நாள் முழுக்க ஒரே 18 டிகிரி என்பதைவிடப் பகல் 17, இரவு 8 என்பதே இதற்கு ஒத்துவரும்.

ஹீட்டர் போடாத அறை, கண்ணாடி அடைத்த பால்கனி, வாசல் நடை, இவற்றில் ஒன்றைப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால், உங்களுக்கு அதிகம் தேவைப்படாத ஓர் அறையில் ரேடியேட்டரை மூடிவிட்டுத் தெற்கு சன்னலோரம் வையுங்கள். இரவில் திரையை இழுக்கும்போது தொட்டி கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே இருந்தால் அறையைவிடச் சில டிகிரி குளிர்ச்சி கிடைக்கும். சன்னல் திட்டுக்கு அடியிலேயே ரேடியேட்டர் இருந்தால் அந்த இடம் மட்டும் வேண்டவே வேண்டாம். இடம் மாற்றுவதைப் பத்து நாட்களில் படிப்படியாகச் செய்யுங்கள். 21-லிருந்து நேராக 6-க்குப் போனால் இளம் இலை துவண்டுவிடும்.

கேள்வி: அளக்க வேண்டியது காற்றின் வெப்பமா, மண்ணின் வெப்பமா?

இரண்டும். ஆனால் பிரச்சினை பெரும்பாலும் மண்ணில்தான் தொடங்குகிறது. குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்றை இலை உயரத்தில், வெயில் நேரடியாகப் படாமல் வையுங்கள். கம்பி முனையுள்ள இன்னொன்றைத் தொட்டியின் ஓரமாக 10 செ.மீ. ஆழத்தில் செருகுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் இருந்தால் காற்று 18 இருக்கும்போதும் மண் அதைவிட வெகுவாகச் சூடாகும். சுடுமண் தொட்டி ஈரம் ஆவியாவதால் குளிர்ந்தே இருக்கும். எனவே சுடுமண்ணே நல்லது.

தொட்டியின் ஆழம் இளஞ்செடிக்கு 30 செ.மீ., வளர்ந்த செடிக்கு 40 முதல் 45 செ.மீ. ஆணிவேர் கீழே போகப் போக வெப்பம் ஏறி இறங்குவது குறையும். அகலமான ஆழமில்லாத தொட்டியில் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. மண் கலவையில் களிச்சத்துள்ள தோட்டமண் 2 பங்கு, பருமணல் 1 பங்கு, பெர்லைட் (நீர் வடிய உதவும் எடை குறைந்த வெண்கல் துகள்) அல்லது சிறுகல் 1 பங்கு போதும். தென்னைநார்க் கழிவு மட்டும் போட்டு நட்டால் குளிரில் ஈரம் தங்கி வேர் அழுகும்.

கேள்வி: டொராண்டோ பால்கனியில் இரவு மைனஸ் போகிறது. வெளியே விடலாமா?

டொராண்டோ குளிரில் வேண்டாம். தரையில் ஆழமாக வேரூன்றிய செடி உறைபனியைத் தாங்கும். தொட்டியிலோ பக்கவாட்டிலிருந்தும் குளிர் ஏறி வேர் உறைந்துவிடும், பனி உருகியதும் கூழாகும். தொட்டிமண் 2 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மே மாதத்தில் எல்லா இலையும் காய்ந்துவிட்டது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. நம் ஊர் சேனைக்கிழங்கு தண்டு மடிந்து மண்ணுக்குள் கிழங்காக இருப்பதைப் போலத்தான், பருவம் மட்டும் வேறு. மேல்மண்ணை விரலால் விலக்கி வேரின் தலைப்பகுதியை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. மெத்தென்று அமுங்கி நாற்றம் வந்தால் அழுகல்.

கோடையில் செடியைக் கொல்வது சூட்டைவிடச் சூடும் ஈரமும் சேர்ந்ததுதான். இலை இல்லாதபோது வேர் தண்ணீரை இழுக்காது, ஊற்றியது அப்படியே நிற்கும். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைத்து, முழுதும் காய்ந்ததும் நிறுத்திவிடுங்கள். வேர் சுருங்காமல் இருக்க மாதம் ஒருமுறை தொட்டியோரம் அரை டம்ளர் போதும். நிழலில், 15 முதல் 25 டிகிரியில் வையுங்கள். மண் உலர்ந்திருந்தால் 30 வரைகூடச் சமாளிக்கும்.

செப்டம்பரில் இரவு வெப்பம் 15-க்குக் கீழே இறங்கியதும் ஒருமுறை லேசாக நனைத்துவிட்டுக் காத்திருங்கள். துளிர் தெரிந்த பிறகே வழக்கமான தண்ணீர். தொட்டி மாற்றுவதாக இருந்தால் துளிர் வருவதற்குச் சற்று முன்பு மாற்றுங்கள். ஆணிவேர் முறிந்தால் முறிந்த இடத்திலிருந்து அழுகும், கவனம்.

கேள்வி: உறங்கும் வேரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா? குளிர் தேவை என்று படித்தேன்.

குளிர் தேவைப்படுவது விதைக்கு. வேரின் உறக்கம் கோடை உறக்கம். அதைக் குளிரில் வைத்தால் தவறான காலத்தில் துளிர்க்கும்.

கேள்வி: விதையைச் சூட்டு விரிப்பின் மேல் 25 டிகிரியில் வைத்து ஐந்து வாரம் ஆயிற்று. ஒன்றும் முளைக்கவில்லை.

விரிப்பை எடுத்துவிடுங்கள். தக்காளியும் மிளகாயும் இதே குடும்பம் என்பதால் பலரும் அதே முறையைச் செய்கிறார்கள், இங்கே அது பலிக்காது. விதையை ஈரமணலில் கலந்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, 4 டிகிரியில் நான்கு முதல் ஆறு வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உறைபெட்டியில் அல்ல. பிறகு 1 செ.மீ. ஆழத்தில் விதைத்துப் பகலில் 15 முதல் 18, இரவில் 8 முதல் 10 டிகிரியில் விடுங்கள். சில விதை மூன்று வாரத்தில் முளைக்கும், சில மாதக்கணக்கில் இழுக்கும். ஓராண்டு வரை விதைத்த தட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: குளிர்ந்த அறைக்கே மாற்றினேன். இப்போது நடு இலைகளில் சாம்பல் நிறப் பூஞ்சை.

குளிரோடு ஈரமும் தேங்கிய காற்றும் சேர்ந்தால் இதுதான் வரும். கெட்ட இலையை அடியோடு எடுங்கள். தண்ணீரைக் காலையில், தொட்டியோரமாக மட்டும் ஊற்றுங்கள். இலைக்கூட்டின் நடுவே ஈரம் தங்கக்கூடாது. வேரின் தலையைச் சுற்றி 2 செ.மீ. சிறுகல் பரப்பி, சிறிய விசிறி ஒன்றை மெதுவாக ஓடவிடுங்கள். மாறாக, அறை சூடாகவும் வறண்டும் இருந்தால் வருவது செஞ்சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கம் நுண்புள்ளிகளும் நூலாம்படையும் தெரியும்.

கேள்வி: சென்னையில் ஏசி அறையில் வளர்க்க முடியுமா?

24 டிகிரி ஏசி அறை இதற்குக் குளிர்காலம் ஆகாது. ஜனவரி இரவிலும் சென்னை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். வேண்டுமென்றால் கண்ணாடிக் கதவுள்ள குளிர்பெட்டியை 12 டிகிரியில் வைத்து, உள்ளே எல்இடி விளக்கைத் தினமும் 10 மணி நேரம் எரியவிடலாம். ஆனால் ஆழமான தொட்டிக்கு அதில் இடம் இருக்காது. ஓரிரு பருவத்துக்கு மேல் சரிவரும் என்று நான் சொல்லமாட்டேன். ஊட்டியின் குளிர்காலம் பொருந்தும். அங்கே ஜூன் மழைக்கு முன் உறங்கும் தொட்டியைக் கூரைக்குள் கொண்டுவர வேண்டும்.

கேள்வி: மாண்ட்ரேக் என்று வாங்கியது பற்றுக்கம்பி விட்டுக் கொடியாக ஏறுகிறது. சூடு அதிகமா?

மாண்ட்ரேக் கொடியாகாது. தரையோடு வட்டமாக இலை விரிக்கும், தண்டே தெரியாது. உங்களிடம் இருப்பது அநேகமாக பிரையோனியா, பழைய காலத்திலேயே மாண்ட்ரேக் என்று ஏமாற்றி விற்கப்பட்ட செடி. அது குளிர்காலத்தில் உறங்கி வசந்தத்தில் துளிர்ப்பது. மேலே சொன்ன கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது.

கேள்வி: வீட்டில் பூனையும் மூன்று வயதுக் குழந்தையும் உண்டு.

அப்படியானால் பூட்டக்கூடிய அறையில் வையுங்கள், அல்லது வைக்காதீர்கள். ஊமத்தையில் உள்ள அதே ஹயோசயமின், ஸ்கோபோலமின் நஞ்சுகள் இதன் வேரிலும் இலையிலும் உண்டு. பழம் மஞ்சளாக, மணமாக இருப்பதால் குழந்தை நிச்சயம் எட்டிப் பிடிக்கும். பூ வாடியதுமே கிள்ளிவிடுங்கள். தொட்டி மாற்றும்போது கையுறை போடுங்கள், வேர்த்துண்டுகளைக் குப்பையில் திறந்தபடி போடாமல் பையில் கட்டிப் போடுங்கள். யாராவது வாயில் வைத்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், செடியின் ஒரு துண்டையும் கையோடு கொண்டுபோங்கள்.