கரி எஞ்சினுக்கு விளக்கு: கேள்வி பதில்

எனக்கு ரேடியோ, டிவி ரிப்பேர்தான் தொழில். மாடல் ரயில் அதற்குப் பிறகு வந்த பிரியம். புதுச்சேரி, கடலூர் பக்கத்து நண்பர்கள் மாடல் நீராவி எஞ்சினில் விளக்கு எரிய வைப்பது பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

லாஸ்பேட்டை: என்னிடம் 1:87 அளவு எஞ்சின் இருக்கிறது. 12 வோல்ட் சாதாரண டிசி கண்ட்ரோலர். முன்விளக்கு பொம்மைதான், எரியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்து மேஜையில் வையுங்கள். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, இரண்டு பக்கச் சக்கரங்களில் எந்தப் பக்கம் உலோக உடலோடு (சேஸி) ஒட்டி இருக்கிறது என்று பாருங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் ஒரு பக்கத்து மின்சாரம் சேஸி வழியாகத்தான் மோட்டாருக்குப் போகும். அது தெரியாமல் எல்இடி காலை உடலில் பட விட்டால் ஷார்ட் ஆகும்.

எல்இடிக்கு 0603 அளவு எடுங்கள். 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 அகலம், ஒரு கடுகைவிடக் கொஞ்சம் நீளம். வார்ம் ஒயிட், அதாவது மஞ்சள் கலந்த வெள்ளை, என்று கேட்டு வாங்குங்கள். நம்மூர்க் கடையில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். முடி மாதிரி இருக்கும் எனாமல் கம்பியை நுனியில் ஈயம் பூசி, எல்இடியை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி நிறுத்தி, ஒரு நொடிக்கு மேல் சூடு வைக்காமல் ஒட்டுங்கள்.

இனி கணக்கு. வெள்ளை எல்இடி ஏறக்குறைய 3 வோல்ட் எடுக்கும். மீதி 9 வோல்ட்டை ரெசிஸ்டர் (மின்தடை) தாங்க வேண்டும். 5 மில்லி ஆம்பியருக்கு 1.8 கிலோ ஓம். நான் போடுவது 4.7 கிலோ. 2 மில்லி ஆம்பியர் கூட வராது, இருட்டறையில் அதுவே தாராளம். ரெசிஸ்டர் இல்லாமல் எல்இடியை இணைக்கவே இணைக்காதீர்கள்.

டிசியில் எஞ்சின் பின்னால் போகும்போது மின்சாரம் திரும்பும். எல்இடி பொதுவாக 5 வோல்ட் தலைகீழ் அழுத்தம்தான் தாங்கும். அதனால் தொடரில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1N4148 டையோடு ஒன்று போடுங்கள். முன்னால் போனால் எரியும், பின்னால் போனால் அணையும். இரண்டு திசையிலும் எரிய வேண்டுமென்றால் குட்டி பிரிட்ஜ் ரெக்டிஃபையர். மின்சாரம் எப்படித் திரும்பினாலும் அது எல்இடிக்கு ஒரே திசையில்தான் தரும்.

கடைசியாக, பாய்லர் பிளாஸ்டிக்காக இருந்தால் உட்பக்கம் கறுப்பு பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். இல்லாவிட்டால் பாய்லரே கூண்டு விளக்கு மாதிரி ஒளிரும்.

நெல்லித்தோப்பு: பையனுடைய பேட்டரி ரயிலில் இரண்டு பென்சில் செல். வெள்ளை எல்இடி மங்கலாக எரிந்து பிறகு நின்றுவிடுகிறது.

இரண்டு செல் சேர்ந்தே 3 வோல்ட்தான். கொஞ்சம் இறங்கினாலும் வெள்ளைக்குப் போதாது. சிவப்பு அல்லது மஞ்சள் போடுங்கள், 2 வோல்ட்டில் எரியும். 100 ஓம் ரெசிஸ்டரோடு.

மஞ்சக்குப்பம்: 12 வோல்ட்டுக்கு எத்தனை ஓம் சார்?

மேலே முதல் பதில்.

அரியாங்குப்பம்: எஞ்சினின் நெருப்புப் பெட்டி, அதாவது கரி எரியும் அடுப்பு, மினுக்மினுக்கென்று எரிய வைக்க முடியுமா?

நல்ல கேள்வி. கார்த்திகைக்கு விற்கும் பேட்டரி அகல்விளக்கு ஒன்றை வாங்கிப் பிரியுங்கள். உள்ளே இருக்கும் எல்இடிக்குள்ளேயே மினுக்கும் சிப் இருக்கிறது. அதை ரெசிஸ்டரோடு எஞ்சின் கேபின் அடியில் வைக்கலாம். அதற்கு நிலையான மின்சாரம் வேண்டும். அதனால் பிரிட்ஜுக்குப் பின் ஒரு கெப்பாசிட்டர், 25 வோல்ட் தாங்குவது, 220 மைக்ரோஃபாரட் போடுங்கள்.

ஆனால் எப்போதும் மினுக்க விடாதீர்கள். கரி எஞ்சினில் அடுப்புக் கதவு எந்நேரமும் திறந்திருக்காது. ஃபயர்மேன் மண்வெட்டியில் கரி அள்ளி வீசும்போதுதான் வெளிச்சம் வெளியே வரும். இரவில் அந்த நேரம் டிரைவரின் முகம், கேபின் கூரை, மேலே போகும் புகையின் அடிப்பக்கம் எல்லாம் ஆரஞ்சாகும். கதவு மூடியதும் இருட்டு. ஒரு சின்ன சுவிட்சோ டைமரோ வைத்து நாலைந்து நொடி எரிந்து அணையச் செய்தால் பார்ப்பவர் நெஞ்சு நிற்கும். நன்றாக எரியும் கரி வெளிர் மஞ்சளாக ஜொலிக்கும், வெறும் சிவப்பு அல்ல. ஒரு சிவப்போடு ஒரு வார்ம் ஒயிட் சேருங்கள்.

கடலூர் முதுநகர்: வார்ம் ஒயிட் என்று சொல்வது தவறு ஐயா. சின்ன வயதில் துறைமுக ஸ்டேஷனில் மீட்டர் கேஜ் எஞ்சின் வந்து நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முன்விளக்கு வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தும்.

அந்த விளக்கு இழை பல்பு ஐயா. பாய்லர் மேலேயே ஒரு குட்டி நீராவி டர்பைன், அதோடு டைனமோ. அதிலிருந்துதான் விளக்குக்கு மின்சாரம். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் குறைந்தால் ஆரஞ்சு, கூடினால் நீலம் கலந்த வெள்ளை. இழை பல்பின் ஒளி 2700 கெல்வின் பக்கம், மஞ்சள் கலந்தது. கூல் ஒயிட் எல்இடி 6500. அதைப் போட்டால் எஞ்சின் மூக்கில் டியூப்லைட் மாட்டின மாதிரி இருக்கும்.

முத்தியால்பேட்டை: முதுநகர் ஐயா சொல்வதுதான் சரி. என் அப்பாவும் வெள்ளை என்றுதான் சொல்வார்.

இரண்டு பேர் சொன்னாலும் இழையின் நிறம் மாறாது.

நெய்வேலி: டிசிசி டிகோடர் போட்டால் விளக்கு சுலபமா?

சுலபம். டிசிசி என்பது தண்டவாளம் வழியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை, அதை எஞ்சினுக்குள் வாங்கும் சிப் பலகைதான் டிகோடர். அதன் கம்பிகளில் நீலம் பொதுவான பிளஸ், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. அங்கும் ரெசிஸ்டர் வேண்டும். எஞ்சின் நின்றாலும் விளக்கு எரியும், அதுதான் பெரிய லாபம். மோட்டாருக்கு மின்சாரம் தரும் இரண்டு பிரஷும் சேஸியில் படாமல் தனித்திருக்க வேண்டும். அதைச் சோதிக்காமல் நான் இரண்டு டிகோடர்களை எரித்திருக்கிறேன்.

தேவனாம்பட்டினம்: விளக்கு ஓடும்போது துடிக்கிறது. சர்க்யூட்டில் தப்பா?

உங்களுக்கு வீடு கடற்கரைப் பக்கம். சக்கரத்தைத் தொடும் செப்புத் தகட்டைப் பாருங்கள், பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் தகட்டையும் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் துடையுங்கள். உப்புக்காத்து ஊரில் மாதம் ஒரு தடவை இது கட்டாயம். உப்புத்தாள் போடாதீர்கள், கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் ஏறும்.

திருப்பாதிரிப்புலியூர்: ரெசிஸ்டர் மதிப்பு சொல்லுங்கள். புகை விடவும் ஏதாவது வழி?

1.8 அல்லது 4.7 கிலோ. மூன்றாம் முறை சொல்கிறேன், தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள். புகைக்கருவி நான் செய்ததில்லை, செய்தவரிடம் கேளுங்கள்.

கடலூர் முதுநகர்: நான் கண்ணால் கண்டதைப் பொய் என்கிறீர்களா?

இல்லை ஐயா, அப்படிச் சொன்னதாகப் பட்டிருந்தால் மன்னியுங்கள். ராத்திரி யோசித்துப் பார்த்தேன். அந்த மேடையில் அப்போது வேறென்ன விளக்கு இருந்தது? போர்ட்டர் கையில் மண்ணெண்ணெய் விளக்கு. அதன் சுடர் 1900 கெல்வின் பக்கம், நல்ல ஆரஞ்சு. இருட்டில் கண் அந்தச் சுடருக்குப் பழகியிருக்கும்போது 2700 வந்து எதிரே நின்றால் வெள்ளையாகத்தான் தெரியும். உங்கள் கண்ணும் சரி, பல்பும் சரி.

உங்களால்தான் இது எனக்குத் தோன்றியது. இதை மாடலிலும் செய்யலாம். எஞ்சினுக்கு வார்ம் ஒயிட்டே இருக்கட்டும். ஸ்டேஷன் விளக்குகளின் எல்இடி மேல் ஆரஞ்சு கண்ணாடி பெயிண்ட் ஒரு சொட்டு வைத்து, ரெசிஸ்டரை 10 கிலோவாக்கி மங்க விடுங்கள். அறை விளக்கை அணைத்து ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு எஞ்சினை மேடைக்குள் கொண்டு வாருங்கள். நேற்று ராத்திரி என் மேஜையில் செய்து பார்த்தேன், முன்விளக்கு வெள்ளையாகத்தான் வந்தது. நீங்கள் பார்த்த வெள்ளை அதுதானா என்று செய்து பார்த்து எழுதுங்கள்.