கதவும் தூணும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் 1948-ஆம் ஆண்டு எம்.ஜி. டி.சி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வீட்டு கராஜில் நிறுத்தியிருக்கிறேன். எஞ்சின் ஓடுகிறது. ஆனால் இடப்பக்கக் கதவு தொங்குகிறது. பள்ளத்தில் இறங்கினால் தானாகத் திறந்துகொள்கிறது. கீல் பொருத்திய மரத்தூணின் அடியில் திருப்புளியை வைத்து அழுத்தினேன், இரண்டு அங்குலம் உள்ளே போய்விட்டது. மரத்தை எடுத்துவிட்டு எஃகுக் குழாய்களைப் பற்றவைக்கலாம் என்கிறார் ஒரு பட்டறைக்காரர். தேக்கு போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. அல்லது உடலை மொத்தமாகக் கழற்றி, புதிய மரச்சட்டத்தை முழுத் தொகுப்பாக வாங்கிப் பொருத்துவதா? காரின் அடிச்சட்டமான சேஸிஸே மரம் என்பதால் பயமாகவும் இருக்கிறது.

ர., கவென்ட்ரி

அன்புள்ள ர. அவர்களுக்கு,

உங்கள் காரின் சேஸிஸ் எஃகினால் ஆனது. அந்தப் பயம் வேண்டாம். மரம் இருப்பது அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உடலில்தான். ஆஷ் மரத்தில் ஒரு கூடு செய்து, அதன்மேல் எஃகுத் தகட்டைப் போர்த்தி, ஓரங்களை மடித்து ஆணி அடித்திருப்பார்கள். இங்கிலாந்தின் மால்வெர்னில் இன்றும் ஆஷ் மரத்தைக் கொண்டு செய்யப்படும் மார்கன் கார்களைப் பற்றியும் இதே தவறான எண்ணம் பலருக்கு உண்டு. 1945 முதல் 1949 வரை ஆபிங்டனில் சுமார் 10,000 டி.சி. கார்கள் உருவாயின, அவற்றின் எஞ்சினும் உடலும் கவென்ட்ரியில் செய்யப்பட்டு அங்கே அனுப்பப்பட்டவை. உங்கள் கார் தாய்வீடு திரும்பியிருக்கிறது என்பதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.

கதவு தானாகத் திறப்பதைச் சிறிய குறையாக எண்ணிவிடாதீர்கள். டி.சி.யின் கதவுக்குக் கீல் பின்பக்கம் இருப்பதால், ஓட்டத்தில் தாழ் விலகினால் எதிர்க்காற்றே கதவை முழுவதுமாக விரித்துவிடும். சரிசெய்து முடிக்கும்வரை காரைச் சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

தேக்கு மக்காது என்பது உண்மை. ஆஷ் ஈரத்தில் எளிதில் மக்கிவிடும் என்பதும் உண்மை. ஆனால் ஆஷ் மரத்தின் நீண்ட நேரான நார் அதிர்ச்சியைத் தாங்கி, வளைந்து, மீண்டும் நிமிரும். கோடரிக் காம்புக்கும் கிரிக்கெட் ஸ்டம்புக்கும் அதைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். டி.சி.யின் சேஸிஸ் மேடுபள்ளத்தில் சற்றே முறுக்கிக்கொள்ளும் இயல்புடையது. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்குகள்தான். ஆஷ் கூடு அந்த முறுக்கலோடு சேர்ந்து இசைந்து கொடுக்கும். விறைப்பான எஃகுக் குழாய்களைப் பற்றவைத்தால் அந்த அசைவு எங்காவது தகட்டிலோ பற்றவைப்பிலோ வெடிப்பாக வந்து நிற்கும். தேக்கில் இருக்கும் எண்ணெய்ப்பசை ஒட்டுக்கும் இடைஞ்சல். ஆகவே ஆஷ் மரத்தையே போடுங்கள். மக்காமல் காப்பது நம் வேலை.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. உடலைக் கழற்றாதீர்கள். என் முதல் காரில் நான் செய்த தவறு அதுதான். உற்சாகத்தில், எந்த முட்டும் கொடுக்காமல் உடலைத் தூக்கி மரப்பலகைகள்மேல் வைத்தேன். மக்கிய கூடு தன் எடையிலேயே கோணிக்கொண்டது. அந்தக் கோணலையே அளவாகக் கொண்டு புதிய சட்டங்களை அறுத்தேன். எல்லாம் முடிந்து மீண்டும் சேஸிஸ்மேல் ஏற்றியபோது கதவு இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், தள்ளி நின்றது. ஒரு குளிர்காலத்து உழைப்பை மறு குளிர்காலத்தில் பிரித்து மீண்டும் செய்தேன்.

முதலில் சேஸிஸை நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்தி ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். ஸ்பிரிங் தாங்கும் இடங்களிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். சேஸிஸ் கோணலாக இருந்தால் மேலே எந்த மரவேலையும் நேராகாது. பிறகு மக்காத பக்கத்துக் கதவை அளவுகோலாக வைத்துக்கொண்டு, தொங்கும் கதவை மரத்துண்டுகளால் தாங்கி, சுற்றிலும் இடைவெளி சமமாக வரும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையிலேயே கதவு வாயின் குறுக்கே, முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையில், ஒரு கட்டையைத் திருகி முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கதவைக் கழற்ற வேண்டும்.

அதன்பின் ஒரு சமயத்தில் ஒரு துண்டு மட்டுமே மாற்றுங்கள். முழுத் தொகுப்பு மோசமானதல்ல. ஆனால் இந்த உடல்கள் கையால் பொருத்தப்பட்டவை, ஒன்றின் அளவு மற்றதற்கு அப்படியே வராது. தூணின் அடியில் தகட்டின் மடிப்பை மெல்ல நிமிர்த்திப் பாருங்கள். துருவேறிய ஆணி ஒவ்வொன்றைச் சுற்றியும் மரம் கறுத்து, காபித்தூள் போல உதிரும். பின்சக்கரம் வாரியடிக்கும் சேறும் மேலிருந்து வழியும் மழைநீரும் அந்த மடிப்புக்குள் புகுந்து வெளியேற வழியில்லாமல் நின்றதன் விளைவு அது. நெடுக ஓடும் அடிக்கட்டையையும் அதே இடத்தில் குத்திப் பாருங்கள். தூண் மட்டும் மக்கியிருப்பது அபூர்வம். அடிக்கட்டையில் கெட்டது சிறுபகுதி என்றால், கனத்தைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாக வெட்டி, எபாக்சி பசையால் ஒட்டுப்போடலாம். கீல் தாங்கும் தூணில் ஒட்டுப்போடுவதை நான் ஏற்பதில்லை. அது முழுத்துண்டாகவே இருக்கட்டும்.

நார் நேராக ஓடும், நன்கு உலர்ந்த ஆஷ் பலகையைக் கேட்டு வாங்குங்கள். 2012-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் ஆஷ் மரங்கள் பெருமளவில் சாகின்றன என்பது வருத்தமான செய்தி. கிடைக்கும் மரத்தை அக்கறையோடு பயன்படுத்துவதே நம்மால் ஆவது. புதிய தூணை முதலில் பசையில்லாமல் பொருத்தி, கதவை மாட்டி, பத்து முறை திறந்து மூடிப் பாருங்கள். சிறு வேறுபாட்டைச் சேஸிஸுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவில் உயரத்தைச் சரிசெய்ய வைக்கும் பேக்கிங் துண்டுகளைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். அதன் பிறகே பசை. பொருத்துமுன் எல்லா முகங்களுக்கும், முக்கியமாக நார் முடியும் வெட்டுமுகங்களுக்கு, காப்புப் பூச்சு கொடுங்கள். தகட்டின் உட்பக்கத்துக்கும் பெயின்ட் அடித்து, நீர் வடிய அடியில் ஒரு துளை விடுங்கள்.

கழற்றிய பழைய தூணைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள கீல் பள்ளங்களும் வளைவும்தான் உங்களிடமிருக்கும் ஒரே அசல் வரைபடம். நாளை வலப்பக்கத் தூணும் மக்கியிருப்பது தெரியவந்தால், அதையே திருப்பிப்போட்டுக் கோடு வரைந்துகொள்ளலாம்.